தீயின் கணக்கு – 9: செங்கெனித் சுரங்கத்தின் மணிக்கம்பிகள்

சென்ற அத்தியாயத்தை டேவி விளக்கோடு நிறுத்தியிருந்தோம். 1815இல் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை போட்டார். சுடரின் சூட்டை வலை வாங்கிக்கொண்டதால், உள்ளே எரிந்த தீ வெளியே நின்ற வாயுவைப் பற்றவைக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் அந்த விளக்கை நம்பி மேலும் மேலும் ஆழத்துக்கு இறங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதே சுரங்கங்களுக்குள் இன்னொரு தீ நுழைந்தது. அதற்குச் சுடர் கிடையாது, புகை கிடையாது. அதன் பெயர் மின்சாரம்.

நீர் இறைக்கும் பம்பு, கரி வண்டிகளை இழுக்கும் மோட்டார், கரி வெட்டும் இயந்திரம், விளக்கு, தொலைபேசி, மணி என்று ஒவ்வொன்றாக மின்சாரம் கீழே இறங்கியது. மின்சாரம் போகும் இடமெல்லாம் பொறியும் கூடவே போகும். சுவிட்சைப் போட்டால் ஒரு பொறி, அணைத்தால் ஒரு பொறி. வீட்டில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சுரங்கத்தில் அப்படி இருக்க முடியாது. நிலக்கரி அடுக்குகளிலிருந்து கசியும் மீத்தேன், காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது வெடிக்கும் கலவை ஆகிவிடுகிறது. அதைப் பற்றவைக்கத் தேவையான ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுமார் 0.3 மில்லிஜூல் போதும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொறியில்கூட அவ்வளவு ஆற்றல் இருக்க முடியும்.

ஜெர்மனியில் கார்ல் பெய்லிங் என்ற பொறியாளர் 1903 முதல் 1905 வரை கெல்சன்கிர்ச்சன் சோதனை நிலையத்தில் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். பொறியைத் தடுக்க முடியாது என்றால் அதைக் கனத்த இரும்புப் பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்பது அவர் வழி. பெட்டிக்குள் வாயு புகுந்து வெடித்தாலும் பெட்டி உடையக் கூடாது. மூடியின் விளிம்புக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள குறுகலான இடைவெளி வழியே சூடான வாயு வெளியேறும்போது, உலோகம் அதன் சூட்டை உறிஞ்சித் தணித்துவிட வேண்டும். டேவியின் வலை செய்த வேலைதான் இது, வேறு உருவத்தில். இன்றும் தொழிற்சாலைகளில் ‘ஃபிளேம்ப்ரூஃப்’ என்று சொல்லப்படும் கனத்த பெட்டிகள் இந்த வழியில் வந்தவை.

மோட்டாரைப் பெட்டிக்குள் அடைக்கலாம். சுரங்கப் பாதை நெடுக மைல்கணக்கில் வெறுங்கம்பியாக ஓடிய மின்சாரத்தை எந்தப் பெட்டியில் அடைப்பது? அப்படி ஓடியவை மணிக்கம்பிகள்.

இரண்டு கம்பிகள், ஒரு மணி

சுரங்கத்தின் இழுவைப் பாதையில் கரி வண்டிகள் நீண்ட வரிசையாக இரும்புக் கயிற்றில் கட்டப்பட்டு ஓடும். அந்தக் கயிற்றை இழுக்கும் இன்ஜின் வெகு தொலைவில் இருக்கும். வண்டி தடம் புரண்டாலோ, யாராவது மாட்டிக்கொண்டாலோ, இன்ஜின்காரருக்கு உடனே தெரிய வேண்டும். அதுவும் பாதையின் எந்த இடத்திலிருந்தும் தெரிவிக்க முடிய வேண்டும். இதற்குக் கண்டுபிடித்த வழி மிகவும் எளியது. பாதை முழுக்க இரண்டு வெறுங்கம்பிகள் அருகருகே போகும். ஒரு முனையில் லெக்லான்ஷே செல்களைத் தொடராகக் கோத்த பேட்டரியும், இன்ஜின் அறையில் ஒரு மின்மணியும் இருக்கும். தொழிலாளி கையில் அகப்பட்ட இரும்புத் துண்டையோ கத்தியையோ இரண்டு கம்பிகளின் மேலும் வைப்பார். சுற்று முழுமை பெறும், மணி அடிக்கும். எடுத்தால் நிற்கும். எத்தனை தட்டு என்பதற்கு ஏற்ப நிறுத்து, ஓட்டு, பின்னால் விடு என்று பொருள் வைத்திருந்தார்கள்.

இது ஆபத்தில்லாத ஏற்பாடு என்று சுரங்க நிர்வாகங்கள் நம்பின. ஒரு செல்லின் அழுத்தம் ஏறக்குறைய 1.5 வோல்ட். பத்துப் பதினைந்து செல்கள் சேர்ந்தாலும் கையில் ஷாக் அடிக்காது. பிரிட்டிஷ் விதிகள் மணிச்சுற்றில் 25 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போட்டிருந்தன. வரம்புக்குள் இருந்தால் போதும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

1913 அக்டோபர் 14

தெற்கு வேல்ஸில் கேர்ஃபில்லி நகருக்கு வடமேற்கே, ஏபர் பள்ளத்தாக்கில் இருக்கிறது செங்கெனித் கிராமம். அங்கிருந்த யுனிவர்சல் சுரங்கம் வாயுவுக்கும் கரித்தூளுக்கும் பெயர் போனது. 1901 மே 24 அன்று அங்கே நடந்த வெடிப்பில் 81 பேர் இறந்திருந்தார்கள். கீழே இருந்தவர்களில் பிழைத்தவர் ஒரே ஒருவர். கரித்தூள் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் தெளித்து நனைத்து வைக்க வேண்டும் என்ற அறிவுரை அந்த விபத்துக்குப் பிறகே சொல்லப்பட்டுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த அறிவுரைக்கு முழு மதிப்புக் கிடைக்கவில்லை.

1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்டில் சுமார் 950 பேர் இறங்கியிருந்தார்கள். எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் சுரங்கத்தின் மேற்குப் பகுதி வெடித்தது. முதலில் வெடித்தது மீத்தேன். அந்த அதிர்ச்சி அலை பாதைகளில் படிந்திருந்த கரித்தூளைக் கிளப்பியது. கிளம்பிய தூள் தீப்பற்றி அடுத்த வெடிப்புக்கு இரையானது. அதன் அலை இன்னும் தொலைவிலிருந்த தூளைக் கிளப்பியது. இப்படித் தூளே தீயைத் தூக்கிக்கொண்டு பாதை பாதையாக ஓடியது. ஆட்களை ஏற்றி இறக்கும் இரண்டு டன் எடையுள்ள கூண்டு, சுரங்கத்தின் செங்குத்துக் குழி வழியே மேலே வீசப்பட்டு, மேல்தளத்தில் நின்ற தொழிலாளியைக் கொன்றது. தீயில் சாகாதவர்களைக் கார்பன் மோனாக்சைடு கொன்றது.

சுரங்க மேலாளர் எட்வர்ட் ஷா உயிரைப் பொருட்படுத்தாமல் உடனே கீழே இறங்கி மீட்பு வேலையைத் தொடங்கினார். கிழக்குப் பகுதியில் இருந்தவர்கள் மேலே வந்தார்கள். மேற்கில் தீ எரிந்துகொண்டே இருந்தது. அணைக்கப் போதிய தண்ணீர் இல்லை. விசிறியின் காற்றோட்டத்தை எதிர்த்திசைக்குத் திருப்பும் வசதி இருக்க வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சொல்லியிருந்தது. அந்த வேலை முடிந்திருக்கவில்லை. மறுநாள் விடியும் முன் 18 பேர் உயிரோடு கண்டெடுக்கப்பட்டார்கள். அதன் பிறகு வந்தவை உடல்கள் மட்டுமே.

இறந்த தொழிலாளர்கள் 439 பேர். மீட்பு வேலையில் இன்னொருவர் இறந்தார். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவு எண்ணிக்கை இல்லை. இறந்தவர்களில் 60 பேர் இருபது வயதுகூட ஆகாதவர்கள், அவர்களில் எட்டுப் பேருக்கு வயது 14. 542 பிள்ளைகள் தந்தையை இழந்தார்கள். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சவப்பெட்டி போன கிராமம் அது.

ஒரு உயிருக்கு ஒரு ஷில்லிங்

சுரங்கங்களின் தலைமை ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன் விசாரணையை நடத்தினார். தொழிலாளர் தரப்பில் ராபர்ட் ஸ்மைலியும், சுரங்க உரிமையாளர் தரப்பில் எவன் வில்லியம்ஸும் அவரோடு அமர்ந்தார்கள். அறிக்கை 1914இல் வந்தது. தீ எங்கே பிறந்தது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. பார்த்தவர்கள் உயிரோடு இல்லை. பெரிதும் வாய்ப்புள்ளதாக விசாரணை கருதியது, நிலத்தடி மின்மணி ஏற்பாட்டில் எழுந்த ஒரு பொறியை. வெறுங்கம்பிகள் தொட்டு விலகிய இடத்தில் அந்நேரம் வாயு திரண்டிருந்தால் அது போதுமானது.

வழக்கு நடந்தது. மேலாளர் மீது 17 குற்றச்சாட்டுகள், நிறுவனத்தின் மீது 4. முடிவில் மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். நிறுவனத்துக்கு மேல்முறையீட்டில் 10 பவுண்டும் வழக்குச் செலவும். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்த 24 பவுண்டை இறந்தவர் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு சுரங்கத் தொழிலாளியின் உயிருக்கு ஒரு ஷில்லிங் ஒன்றேகால் பென்னி விலை என்று தலைப்புப் போட்டது. நூறாண்டுகள் கடந்தும் அந்தக் கணக்கு மனத்தைச் சுடுகிறது. அபராதத்தால் எந்தச் சுரங்கமும் திருந்தவில்லை. திருத்தம் வந்தது வேறொரு கணக்கிலிருந்து. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் இரண்டு விஞ்ஞானிகள்.

வோல்ட் அல்ல, ஆற்றல்

பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம் மணிக்கம்பிகளின் ஆபத்தை ஆராயும் பொறுப்பை ரிச்சர்ட் வெர்னன் வீலரிடமும் வில்லியம் மண்டெல் தார்ண்டனிடமும் கொடுத்தது. வீலர், கம்பர்லாண்ட் கடற்கரையில் எஸ்க்மீல்ஸ் என்ற இடத்திலிருந்த அரசுச் சோதனை நிலையத்தில் வாயு வெடிப்பையும் கரித்தூள் வெடிப்பையும் ஆராய்ந்துவந்தவர். தார்ண்டன், நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் கல்லூரியின் மின்பொறியியல் பேராசிரியர். மின்பொறி எந்தெந்த வாயுக் கலவையை எப்போது பற்றவைக்கும் என்பதைப் பல ஆண்டுகளாக அளந்துவந்தவர். 1915இல் வீலரின் அறிக்கையும், 1916இல் வெறுங்கம்பி மணிகளைப் பற்றிய இருவரின் அறிக்கையும் வெளிவந்தன. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். செய்தித்தாள்களில் இதற்கு இடம் கிடைத்திருக்காது. ஆனால் வெடிக்கும் சூழலுக்கான மின்பொறியியல் அந்தச் சில பக்கங்களில்தான் பிறந்தது.

அவர்கள் கண்டது இதுதான். கம்பிகள் சேரும்போது எழும் பொறி பெரிதல்ல. விலகும்போது எழும் பொறிதான் கொல்லக்கூடியது. காரணம் மணிக்குள் இருந்தது. மின்மணியின் சுத்தியலை இழுப்பது ஒரு மின்காந்தம், இரும்புத் தண்டின் மேல் நூற்றுக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய செப்புக் கம்பி. அதில் மின்னோட்டம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உருவாகி, அந்தப் புலத்தில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. வேகமாக ஓடும் பாரவண்டி பிரேக் போட்ட இடத்திலேயே நிற்காது என்பதுபோல, சுருளில் ஓடும் மின்னோட்டமும் கம்பியை விலக்கிய கணத்தில் நின்றுவிடாது. காந்தப்புலம் சரியும்போது சுருளே மின்னழுத்தத்தை உண்டாக்கி, விலகிய இடைவெளியைத் தாண்டி மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. பேட்டரியில் இருப்பது 15 வோல்ட்டாக இருக்கலாம். பிரியும் கம்பிகளுக்கு நடுவே அந்த நொடியில் எழும் அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. சுருளில் சேமித்த ஆற்றல் முழுவதும் அந்தப் பொறியில் கொட்டுகிறது.

கல்லூரி மாணவர்கள் அறிந்த சூத்திரம்தான்: சேமித்த ஆற்றல், தூண்டல் எண்ணையும் மின்னோட்டத்தின் இருமடியையும் பெருக்கி வந்ததில் பாதி. 95 மில்லிஹென்றி தூண்டல் எண் கொண்ட ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். அதில் 110 மில்லிஆம்பியர் ஓடினால் சேமிக்கப்படும் ஆற்றல் ஏறக்குறைய 0.57 மில்லிஜூல். மீத்தேனைப் பற்றவைக்க 0.3 போதும் என்று முன்பே பார்த்தோம். மின்னோட்டத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். இதில் பேட்டரியின் வோல்ட் எங்கும் நேரடியாக வரவில்லை. 25 வோல்ட் என்ற வரம்பு ஏன் யாரையும் காப்பாற்றவில்லை என்பது இங்கே புரியும். அந்த விதி அளக்க வேண்டியதை விட்டுவிட்டு அளக்க எளிதானதை அளந்தது.

நோய் தெரிந்ததும் மருந்தும் கைக்கு எட்டியது. மணிச்சுருளுக்குக் குறுக்கே தூண்டல் இல்லாத ஒரு மின்தடையை இணைத்துவிட்டால், கம்பி விலகும்போது சுருளின் ஆற்றல் அந்த மின்தடைக்குள் சுற்றி வெப்பமாக அடங்கிவிடும். கம்பி முனையில் எழும் பொறிக்கு மிஞ்சுவது சொற்பம். பேட்டரியோடு மின்தடை சேர்த்து மின்னோட்டத்தையும் ஒரு வரம்புக்குள் நிறுத்திவிடலாம். இப்படித் திருத்திய மணிச்சுற்றில் வெறுங்கம்பிகளை வாயுவுக்கு நடுவிலேயே உரசிப் பார்த்தாலும் வெடிப்பு வரவில்லை. பொறி வருகிறது, ஆனால் அதற்குப் பற்றவைக்கும் திராணி இல்லை.

பெய்லிங்கின் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பெட்டி, பொறியைச் சிறை வைக்கிறது. மூடியைத் திறந்தாலோ, ஒரு போல்ட்டை மாட்ட மறந்தாலோ, பாதுகாப்பு போய்விடுகிறது. புதிய வழியில் பாதுகாப்பு, சுற்றின் இயல்பிலேயே இருக்கிறது. கம்பி அறுந்தாலும், இரண்டு கம்பிகள் உரசினாலும், தொழிலாளி வெறுங்கையால் தொட்டாலும் வெடிக்காது. அதனால்தான் இதற்கு ‘இன்ட்ரின்சிக் சேஃப்டி’, உள்ளார்ந்த பாதுகாப்பு, என்று பெயர் வந்தது. 1945இல் பிரிட்டன் இதற்கென்றே பி.எஸ். 1259 என்ற தரநிலையை வெளியிட்டது. செங்கெனித் விபத்து நடந்து அதற்குள் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

சுரங்கத்திலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் பெருகின. அங்கே மீத்தேனோடு புரொப்பேன், எத்திலீன், ஹைட்ரஜன் எல்லாம் உண்டு. ஹைட்ரஜனைப் பற்றவைக்கச் சுமார் 0.02 மில்லிஜூல் போதும், மீத்தேனுக்குத் தேவையானதில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்நாள் ஆலைகளில் அழுத்தம், வெப்பநிலை, திரவ மட்டம் ஆகிய அளவுகளைக் குழாயில் ஓடும் காற்றழுத்தத்தால்தான் கன்ட்ரோல் ரூமுக்குத் தெரிவித்தார்கள். காற்றுக்குப் பொறி கிடையாது. ஆனால் அது மெதுவானது, நூறு மீட்டர் தாண்டினாலே தாமதம் தெரியும்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு நிலைமை மாறியது. வெற்றிடக் குழாய்களுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்ட இடத்தில் இப்போது சில வோல்ட்டும் சில மில்லிஆம்பியரும் போதும் என்றானது. அளவைக் கருவிகள் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டத்தால் பேசத் தொடங்கின. அளவு பூஜ்யமாக இருக்கும்போதும் 4 மில்லிஆம்பியர் ஓடும். கருவி அதையே தின்று உயிர்வாழும், கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகி உடனே தெரிந்துவிடும். இவ்வளவு குறைந்த ஆற்றலில் வேலை செய்யும் கருவிக்கு வீலரும் தார்ண்டனும் காட்டிய வழி அப்படியே பொருந்தியது.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஆலைக்குள் இருக்கும் கருவி எளிமையானது. ஆனால் அதோடு கம்பியால் இணைந்த கன்ட்ரோல் ரூமில் 230 வோல்ட் மெயின் சப்ளை இருக்கிறது. அங்கே ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி முழு வோல்ட்டும் ஆலைக் கம்பியில் ஏறிவிட்டால்? கன்ட்ரோல் ரூமில் உள்ள ஒவ்வொரு கருவியையும் சான்றிதழ் வாங்கித்தான் வைக்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

1950களின் கடைசியில் பிரிட்டனில் இதற்கு விடை உருவானது. அதில் பெரும் பங்கு ஆர்.ஜே. ரெடிங் என்ற பொறியாளருடையது. இதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1971இல் வந்தது. அந்த விடையின் பெயர் ஜீனர் பேரியர். உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. பாதுகாப்பான பகுதிக்கும் ஆபத்தான பகுதிக்கும் இடையே, கம்பி கடக்கும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். உள்ளே மூன்று வகைப் பொருள்கள்: ஒரு ஃபியூஸ், சில ஜீனர் டையோடுகள், ஒரு மின்தடை.

அதன் வேலையை அருகிலிருந்து பார்ப்போம். இன்று ஆலைகளில் மிகப் பரவலாக இருக்கும் பேரியரில் 28 வோல்ட், 300 ஓம், 93 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும். சாதாரண நாளில் ஜீனர் டையோடுகள் சும்மா இருக்கும், 4–20 மில்லிஆம்பியர் அந்த 300 ஓம் வழியே போய் வரும். பழுதாகி வோல்ட் ஏறினால், 28ஐ எட்டும்போது டையோடுகள் திறந்துகொண்டு மிகுதியை எர்த்துக்குத் திருப்பிவிடும். அவை சூடேறிக் கருகுவதற்கு முன் ஃபியூஸ் எரிந்து சப்ளையைத் துண்டிக்கும். ஆலைப் பக்கத்தில் கம்பிகள் நேரடியாக உரசினாலும் 300 ஓம் மின்தடையைத் தாண்டி 93 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. 28 வோல்ட்டை 300 ஓமால் வகுத்துப் பாருங்கள், அந்த எண்தான் வரும். ஆலைக்குள் போகும் உச்சத் திறன் முக்கால் வாட்டுக்கும் குறைவு.

கேபிளையும் விட்டுவைக்க முடியாது. இரண்டு கம்பிகள் அருகருகே ஓடினாலே அது ஒரு மின்தேக்கி. நீளம் கூடக் கூட அதில் சேரும் மின்னூட்டம் கூடும், தூண்டலும் கூடும். ஹைட்ரஜன் சூழலில் 28 வோல்ட் சுற்றோடு இணையும் மொத்த மின்தேக்குத் திறன் 83 நானோஃபாரடைத் தாண்டக் கூடாது என்பது வடிவமைப்பாளர்களுக்கு மனப்பாடமான எண். கருவிக்குள் இருப்பதைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை மீட்டர் கேபிள் போடலாம் என்று கணக்குப் பார்த்த பிறகே கம்பி இழுப்பார்கள்.

பழுதை எண்ணும் கலை

இந்தத் துறையின் உயர்ந்த பண்பு இனிமேல்தான் வருகிறது. வடிவமைப்பவர் தன் சுற்று சரியாக வேலை செய்யும் என்று நம்பித் தொடங்குவதில்லை. பழுதாகும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். இன்றைய தரநிலை சுற்றுகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. ‘ஐ.ஏ.’ படியில் இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் வந்தாலும் வெடிப்பு நேரக் கூடாது. வெடிக்கும் வாயு எப்போதும் நிற்கும் இடத்துக்கு, உதாரணமாக எண்ணெய்த் தொட்டியின் உட்புறத்துக்கு, இதுதான் வேண்டும். ‘ஐ.பி.’ படி ஒரு பழுதைத் தாங்கும். ‘ஐ.சி.’ படிக்கு, இயல்பான வேலையில் பாதுகாப்பாக இருந்தால் போதும். ‘ஐ.ஏ.’ பேரியரில் ஒன்றுக்குப் பதில் மூன்று ஜீனர் டையோடுகள் வரிசையாக நிற்பது இதனால்தான். இரண்டு பழுதாகிப் போனாலும் மூன்றாவது காவல் நிற்கும்.

மின்தடையின் தேர்விலும் இதே அக்கறை. கம்பி சுற்றிச் செய்த மின்தடை, பழுதானால் அறுந்துதான் போகும். மின்தடை மதிப்புக் குறைந்து ஷார்ட் ஆவது அதன் இயல்பில் இல்லை. எந்தப் பொருள் எந்த வழியில் சாகும் என்று தெரிந்து, பாதுகாப்பான வழியில் சாகும் பொருளாகப் பார்த்து வைக்கிறார்கள். சர்க்யூட் போர்டில் இரண்டு செப்புக் கோடுகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்பதற்குக்கூட அட்டவணை உண்டு. இடைவெளி போதாவிட்டால் அவை ஒட்டிக்கொண்டதாகவே வைத்துக் கணக்கிட வேண்டும். பொறி மட்டும் ஆபத்தல்ல, சூடான பரப்பும் வாயுவைப் பற்றவைக்கும். அதனால் கருவியின் மேற்பரப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பநிலைக்கும் டி1 முதல் டி6 வரை வகுப்புகள் உண்டு. டி1க்கு 450 டிகிரி, டி6க்கு 85 டிகிரி செல்சியஸ் வரம்பு.

கணக்கில் தேறிய சுற்று, வாயுவிலும் தேற வேண்டும். அதற்கான சோதனைக் கருவி ஜெர்மனியில் உருவாகி உலகத் தரமாக ஏற்கப்பட்டது. சிறிய அறை ஒன்றில் கேட்மியத் தட்டு சுழலும், அதில் இரண்டு பள்ளங்கள். எதிர்த்திசையில் சுழலும் பிடியிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு டங்ஸ்டன் கம்பிகள் தட்டை உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு உரசலிலும் சுற்று சேர்ந்து பிரியும், பொறி பறக்கும். அறைக்குள் எளிதில் பற்றும் விகிதத்தில் வாயுக் கலவை. மீத்தேன் என்றால் 8.3 சதவீதம், ஹைட்ரஜன் என்றால் 21 சதவீதம். முதலில் 24 வோல்ட்டில் 95 மில்லிஹென்றிச் சுருளை வைத்துக் கருவியின் கூர்மையைச் சரிபார்ப்பார்கள். மீத்தேனுக்கு 110 மில்லிஆம்பியரிலும் ஹைட்ரஜனுக்கு 30 மில்லிஆம்பியரிலும் அது வெடித்துக் காட்ட வேண்டும். வெடிக்காவிட்டால் கருவியே தகுதியற்றது. அதன் பிறகுதான் சோதிக்க வேண்டிய சுற்றை, ஒன்றரை மடங்கு கடுமை கூட்டி, இணைப்பார்கள். நேர்மின்னோட்டச் சுற்று என்றால் 400 சுழற்சிகள். அத்தனையிலும் ஒரே ஒரு முறை வெடித்தாலும் சுற்று தோல்வி.

டங்ஸ்டன் கம்பி கேட்மியத்தை உரசும் அந்த அறையில் திரும்பத் திரும்ப நடப்பது, செங்கெனித்தில் ஒரு தொழிலாளி இரும்புத் துண்டால் மணிக்கம்பிகளைத் தொட்டு எடுத்த அதே செயல். வேறுபாடு ஒன்றுதான். அன்று சுரங்கத்தில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். இன்று அறையில் யாரும் இல்லை.

நம் கையில் இருப்பது

இந்தியாவில் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்குமான இத்தகைய கருவிகளைச் சோதிக்கும் இடங்களில் முக்கியமானது, தன்பாத்தில் 1956இல் தொடங்கப்பட்டு இன்று மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கும் நிலையம். தன்பாத் இருக்கும் அதே ஜார்க்கண்ட் மண்ணில் தோரி சுரங்கத்தில் 1965 மே 28 அன்று நடந்த வெடிப்பில் 268 பேர் மாண்டார்கள். வெடிக்கும் காற்றின் ஆபத்து நமக்கும் அயலானதல்ல.

உலகத் தரநிலை ஐ.இ.சி. 60079இன் பதினோராம் பகுதி, உள்ளார்ந்த பாதுகாப்புக்கு உரியது. அதைப் படிப்பவர்களுக்கு அட்டவணைகளும் வளைகோடுகளும் மட்டுமே கண்ணில் படலாம். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கேள்வி இருக்கிறது: இது பழுதானால் கீழே இருக்கும் மனிதருக்கு என்ன ஆகும்? அந்தக் கேள்வியைக் கேட்காத விதிதான் 25 வோல்ட் வரம்பு. கேட்ட பிறகு பிறந்ததுதான் இந்தத் துறை.

இதை வாசிப்பவர்களில் சுத்திகரிப்பு ஆலையிலோ, எரிவாயு நிலையத்திலோ, ரசாயனத் தொழிற்சாலையிலோ கருவிப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. பேரியரின் எர்த் கம்பி ஒரு ஓமுக்கும் குறைவான தடையோடு தரைக்குப் போக வேண்டும். சமிக்ஞையில் இரைச்சல் வருகிறது என்று அதைக் கழற்றி வைத்தால், மூன்று டையோடுகள் இருந்தும் இல்லாததாகிவிடும். உள்ளார்ந்த பாதுகாப்புச் சுற்றுகளுக்கான இளநீலக் கேபிள் போகும் பாதையில் இடமிருக்கிறது என்று சாதாரண மின்கேபிளைச் செருகாதீர்கள். சான்றிதழ் பெற்ற வாக்கி-டாக்கியின் பேட்டரியை ஆபத்தான பகுதியில் நின்று மாற்றாதீர்கள், அதே வடிவத்தில் கடையில் கிடைத்த வேறு பேட்டரியைப் போடாதீர்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பித் துண்டு வைக்கச் சொல்லும் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லுங்கள். வேலை செய்யாத கருவி அப்படியேதான் நிற்கும், நாளைக்குச் சரிசெய்யலாம். விதி மீறிச் செய்த வேலையைச் சரிசெய்ய நாளை என்று ஒன்று இல்லாமல் போகலாம்.

செங்கெனித்தில் நிர்வாகத்துக்கு விதி தெரியாமல் இல்லை. தூளை அகற்ற வேண்டும் என்று தெரியும், காற்றைத் திருப்பும் வசதி வேண்டும் என்று தெரியும். தெரிந்ததைத் தள்ளிப்போட்டார்கள். தெரியாத ஒன்று, மணிச்சுருளில் தூங்கிய ஆற்றல், அதோடு சேர்ந்துகொண்டது. தெரியாததை வீலரும் தார்ண்டனும் நமக்குத் தெரியவைத்துவிட்டார்கள். இனி அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது.

(தொடரும்)